அத்தியாயம் 6: செம்பும் களிம்பும் – தோல் ஊர் வண்டிக்கு எந்த வயர்?

ஆம்பூர் பைபாஸ் ஓரம் நான் பட்டறை வைத்திருந்த நாளில், மழை விட்ட மறுநாள் காலை ஒரு வேனைக் கயிறு கட்டி இழுத்துவந்து நிறுத்தினார்கள். உப்பு போட்ட பச்சைத் தோல் ஏற்றுகிற வண்டி. என்ன வண்டி என்று கேட்கவே வேண்டாம், வாசனை முன்னால் வந்துவிடும்.

"செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுண்ணே. பேட்டரி போன மாசந்தான் பாய் புதுசு வாங்கிப் போட்டாரு. செல்ஃப் மோட்டாரையும் இறக்கி பிரஷ் மாத்தியாச்சு."

"எர்த் பாத்தியா?"

"பாத்தேண்ணே. டைட்டாத்தான் இருக்குது."

டைட்டாகத்தான் இருந்தது. லக்கும் பளிச்சென்று இருந்தது. யாரோ உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்திருந்தார்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கொம்பிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். 2.6 வோல்ட் காட்டியது. 0.3-ஐத் தாண்டக் கூடாத இடம் அது. லக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி கேபிளின் மேலுறையைக் கத்தியால் கீறிப் பிரித்தேன். உள்ளே இழையெல்லாம் கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. விரலால் திருகியதும் கறுப்புப் பொடி உதிர்ந்தது. நடுவில் நாலைந்து இழைகளில் மட்டும் செம்பின் சிவப்பு மிச்சமிருந்தது. இருநூறு ஆம்பியர் போகவேண்டிய வழி அது.

கரண்ட் எந்த உலோகத்தில் நன்றாகப் போகும் என்று தெரிந்துகொள்ளத்தான் பலரும் இந்த அத்தியாயத்தைப் புரட்டுவீர்கள். அதற்குப் பட்டியல் இருக்கிறது, கீழே தருகிறேன். ஆனால் அந்த வேனில் இருந்ததும் பட்டியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய செம்புதான். எனவே பட்டியலைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, நம் ஊரில் அந்த மார்க் எப்படிக் குறைகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மார்க் பட்டியல்

செம்பை 100 என்று வைத்து மற்ற உலோகங்களை அளப்பது 1913 முதல் உலக வழக்கம். ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு உள்ள செம்புக் கம்பிக்கு 20 டிகிரியில் தடை 0.01724 ஓம். இந்த ஒரு எண்ணை மட்டும் பட்டறைச் சுவரில் எழுதிவையுங்கள். நீளத்தால் பெருக்கி பரப்பால் வகுத்தால் எந்த வயரின் தடையும் வந்துவிடும்.

இந்த அளவுகோலில் வெள்ளிக்கு 105. தங்கத்துக்கு வெறும் 70தான். விலையைப் பார்த்து அதுதான் முதலிடம் என்று நினைப்பவர்கள் பலர். அலுமினியம் 61. பித்தளையும் துத்தநாகமும் 28-ஐ ஒட்டி. சுத்த இரும்பு 17. காரின் பாடித் தகடு எஃகு என்பதால் அதைவிடக் குறைவு. வெள்ளீயம் 15. பேட்டரிக் கொம்பு செய்கிற காரீயம் 8.

வெள்ளியில் கம்பி சுற்றியவர்களும் உண்டு. 1942-இல் அணுகுண்டுக்கு யுரேனியம் பிரிக்கும் ராட்சதக் காந்தங்களுக்குச் செம்பு போதாமல், அமெரிக்க அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கிச் சுற்றினார்கள். பிறகு திருப்பியும் கொடுத்துவிட்டார்கள். கூடுதலாகக் கிடைக்கும் ஐந்து மார்க்குக்காக நாம் யாரும் வெள்ளி வாங்கப் போவதில்லை.

இந்த எண்கள் வண்டியில் என்ன செய்யும்? ஹெட்லைட் இரண்டிலும் 60 வாட் பல்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5 ஆம்பியர், மொத்தம் 10. பேட்டரியிலிருந்து நாலு மீட்டர், 1.5 சதுர மில்லி செம்பு வயர். தடை 0.046 ஓம், வழியில் 0.46 வோல்ட் போய்விடும். அதே தடிமனில் அலுமினியம் என்றால் 0.75 வோல்ட். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு போய்விடுகிறது. பேரணாம்பட்டு மலைப் பாதையில் இரவில் இறங்கியவர்களுக்கு அந்த மூன்று பங்கின் அருமை தெரியும்.

இன்னொன்று, பட்டியல் 20 டிகிரிக்குப் போட்டது. வேலூரில் அந்தக் குளிர் நமக்கு மார்கழி விடியலில்தான் கிடைக்கும். சித்திரை வெயிலில் பானெட்டுக்கு அடியில் 80 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறுகிறது. 60 டிகிரி ஏறினால் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடிவிடும். புத்தகக் கணக்குக்குச் சரியாக இருக்கும் வயரை எடுக்காமல் ஒரு சைஸ் கூட எடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அலுமினியம்: கம்பத்தில் சரி, காரில்?

தலைக்கு மேலே மின்வாரியக் கம்பத்தில் ஓடுவது அலுமினியம்தான், நடுவே பலத்துக்கு எஃகு இழை வைத்தது. செம்புக்குச் சமமாகக் கடத்த அலுமினியத்தின் குறுக்குப் பரப்பு 1.6 மடங்கு இருக்கவேண்டும். அப்படி இருந்தும் எடை பாதிதான் வரும். விலையும் குறைவு. ஒரு சராசரிக் காரில் இருபது கிலோவுக்கு மேல் செம்பு இருக்கிறது என்பதால் கார் கம்பெனிகளுக்கு அலுமினியத்தின் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. டிக்கியில் பேட்டரி வைத்த சில வெளிநாட்டுக் கார்களில் முன்பக்கம் வரை நீளும் தடித்த கேபிள் அலுமினியத்தில் வருகிறது. அந்தக் கேபிளின் முனைகளைத் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து, காற்றும் ஈரமும் புகாதபடி மூடி அனுப்புகிறார்கள். அதை வெட்டி ஒட்டுப்போடும் வேலையை நம் பட்டறையில் செய்யக்கூடாது.

காரணம் சொல்கிறேன். அலுமினியத்தைச் சுரண்டிய அடுத்த நொடியே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று படிந்துவிடுகிறது. கல் போலக் கடினமானது, கரண்டை விடாது. ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பிதுங்கும். சூட்டில் செம்பையும் எஃகையும்விட அதிகமாக விரிந்து சுருங்கும். இறுக்கிய மூட்டு நாளாக ஆகத் தளரும், தளர்ந்த மூட்டு சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். அமெரிக்காவில் 1965-லிருந்து 1973 வரை செம்பு விலையேற்றத்தால் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டு, ஸ்விட்ச் பெட்டிகளில் தீப்பிடித்துப் பாடம் படித்தார்கள். அங்கே எரிந்ததெல்லாம் மூட்டுகளில்தான்.

இதையெல்லாம் தெரிந்தவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர். மேலே சிவப்பாக, பளபளப்பாக, செம்பு மாதிரியே இருக்கும். ஆம்ப்ளிஃபையர் செட்டோடு வரும் தடித்த வயரும், நம்ப முடியாத விலையில் கிடைக்கும் ஜம்பர் கேபிளும் பெரும்பாலும் இதுதான். இதன் மார்க் 65-ஐ ஒட்டி இருக்கும். வெட்டிய முனையில் செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால், உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் போதும், அதுவே ஒரு குட்டி பேட்டரியாகி அலுமினியத்தைத் தின்னும்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிந்தது விஷயம். தீக்குச்சிச் சுடரில் காட்டுங்கள். செம்பு இழை சிவந்து நிற்கும், அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகித் தொங்கிவிடும். எடையும் போடலாம்: 25 சதுர மில்லி செம்பு கேபிள் மேலுறை நீக்கி ஒரு மீட்டருக்கு 220 கிராமுக்குமேல் நிற்கவேண்டும், முலாம் வயர் நூறைத் தொடாது. இதில் எதற்கும் பொறுமை இல்லையென்றால் ஒரு துண்டை காயலான் கடைக்குக் கொண்டுபோய் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். அவரிடம் யாரும் அலுமினியத்தைச் செம்பு விலைக்குத் தள்ள முடியாது. கடையில் வாங்கும்போது மேலுறையில் ஐ.எஸ். 2465 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மோட்டார் வாகன கேபிளுக்கான இந்தியத் தர எண் அது.

நம் ஊர்க் காற்று

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்தப் பாலாற்றுப் படுகை வரிசையில் வண்டி ஓட்டுகிறவர், கடற்கரையிலிருந்து நெடுந்தூரம் தள்ளியிருந்தும் கடற்கரை ஓட்டுநரின் தொல்லையை அனுபவிக்கிறார். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. தோலை உதறும்போது உப்புத் தூள் பறக்கும், லாரியிலிருந்து உப்பு நீர் ரோட்டில் சொட்டும், அது பின்னால் வரும் வண்டியின் அடிப்பாகத்தில் தெறிக்கும்.

உப்போடு கந்தகமும் சேர்ந்துகொள்கிறது. தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தக் கழிவுநீர் எங்காவது அமிலத்தோடு கலந்தால் அழுகின முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். 1996-இல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது பாலாற்றுக்காகவும் கிணறுகளுக்காகவும். கிணற்றைக் கெடுத்த அதே உப்பும் சல்ஃபைடும் வயரையும் கெடுக்கும் என்பது எங்களைப் போன்ற எலக்ட்ரீஷியன்களுக்கு மட்டும் தெரிந்த தனிக் கவலை.

வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கந்தகம் பட்டு வெள்ளி சல்ஃபைடாகிற வேலை அது. வண்டியில் ரிலேக்குள் இருக்கும் தொடுமுனைகள் வெள்ளிக் கலவைதான். பட்டியலில் 105 வாங்கிய உலோகம் நம் ஊர்க் காற்றில் கொலுசு போலவே கறுக்கும். ஹார்ன் சில நாள் அடிக்கிறது, சில நாள் அடிப்பதில்லை என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது ரிலேயை.

செம்பின் பகையைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆணவ மலம் உயிரோடு ஒட்டிக்கிடப்பதற்குச் செம்பில் களிம்பைத்தானே சைவ சித்தாந்திகள் உவமை சொன்னார்கள். பட்டறையில் களிம்பின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். பச்சையாக இருந்தால் உப்பும் ஈரமும். பேட்டரிக் கொம்பில் நீலமாகப் பூத்திருந்தால் அது மயில்துத்தம். பேட்டரி அமிலம் செம்பை அரித்ததன் அடையாளம். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். கறுப்பு மட்டும் இரண்டு வகை. லக் அருகே இரண்டு விரற்கடைக்குள் கறுத்து, இழை விறைத்து ஒடிந்தால் மூட்டு தளர்ந்து சூடேறியிருக்கிறது. வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் போட்டால் போதும். மேலுறைக்குள் முழ நீளத்துக்குக் கறுப்பு ஓடியிருந்தால் திரி எண்ணெய் இழுப்பதுபோல இழைகள் ஈரத்தை உறிஞ்சியிருக்கின்றன. முழு கேபிளையும் மாற்றவேண்டும். அந்த வேன் இரண்டாம் வகை.

புளி போட்டுத் தேய்த்தால் களிம்பு போகுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். போகும், குத்துவிளக்கில் போவதுபோலவே போகும். ஆனால் இழைகளுக்கிடையில் புளிப்பு தங்கிவிடும். குத்துவிளக்கைக் கழுவுவதுபோலக் கேபிளைக் கழுவ முடியாது.

அண்டாவுக்குப் பூசுவது போல

ஆம்பூர் கல்யாண வீட்டு பிரியாணி அண்டாவைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? வெளியே செம்பு, உள்ளே வெள்ளை. தயிரும் தக்காளியும் எலுமிச்சையும் சேர்கிற பண்டம், கலாய் பூசாத செம்பில் தம் போட்டால் கைத்துவிடும், வயிற்றையும் கலக்கும். அதனால் உள்பக்கம் வெள்ளீயம் பூசுகிறார்கள். 'ஈயம் பூசறது' என்று நாம் சொல்வது இதைத்தான். பேட்டரிக்குள் இருக்கும் காரீயம் வேறு. அது விஷம், பாத்திரத்துக்கு ஆகாது. இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர் வைத்ததில் கடைகளில் நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

வயரிலும் இதே வைத்தியம்தான். ஒவ்வொரு செம்பு இழையின் மேலும் வெள்ளீயம் பூசிய வயரை 'டின்டு காப்பர்' என்று கேட்டு வாங்குங்கள். உரித்தால் இழை வெள்ளையாக இருக்கும். முலாம் வயரை நினைத்துப் பயப்படவேண்டாம், பிளேடால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். வெள்ளீயத்துக்கு மார்க் 15தானே, தடை ஏறாதா என்று கேட்பீர்கள். பூச்சு அவ்வளவு மெல்லியது என்பதால் இரண்டு மூன்று சதவீதம்தான் ஏறும். உப்பும் கந்தகமும் செம்பைத் தொடாமல் அது காவல் நிற்கும். கடலில் ஓடும் படகுகளுக்கு வயரிங் செய்கிறவர்கள் உலகெங்கும் இதைத்தான் போடுகிறார்கள். விலை கூடுதல்தான். வண்டி முழுவதற்கும் வேண்டாம். எஞ்சின் எர்த், பாடி எர்த், பின்பக்க விளக்குக்குப் போகும் வயர், சேஸிஸுக்கு அடியில் ஓடும் எல்லாமும் என்று இந்த நான்குக்கு மட்டும் போடுங்கள். டேஷ்போர்டுக்குள் சாதாரணச் செம்பு பத்து வருஷம் உழைக்கும்.

மார்க் குறைந்தவர்களின் வேலை

கடத்துவதில் மோசமான உலோகங்களையும் வேண்டுமென்றேதான் காரில் வைத்திருக்கிறார்கள். ஃபியூஸுக்குள் இருப்பது துத்தநாகத் தகடு. 420 டிகிரியில் உருகுவதால்தான் அதை வைத்தார்கள். அது போனதும் வயரிலிருந்து ஒரு செம்பு இழையைப் பிய்த்துச் சுற்றிவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் சாகவில்லை. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதற்கு முன்பே வயரின் மேலுறை எரிந்துவிடும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. டேஷ்போர்டு பெட்டியில் நிறத்துக்கு இரண்டாகப் போட்டுவையுங்கள்.

விளக்கு, ஹார்ன் போன்றவற்றிலிருந்து திரும்பி வரும் கரண்ட் பெரும்பாலும் பாடித் தகட்டின் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகிறது. எஃகு செம்பில் எட்டில் ஒரு பங்குதான் கடத்தும் என்று வைத்தாலும், முக்கால் மில்லி தகடு ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்தால் 90 சதுர மில்லி செம்பு கேபிளுக்குச் சமம். பாடி நல்ல கம்பிதான். தகராறு செய்வது போல்ட் உட்காரும் அந்த ஒரு ரூபாய் அளவு வட்டத்தில் இருக்கும் பெயின்ட்டும் துருவும்தான்.

தங்கமும் காரில் இருக்கிறது. வேலூரை அடுத்த ஸ்ரீபுரம் பொற்கோயிலில் செம்புத் தகட்டின் மேல் தங்க ரேக்கை ஒட்டியிருப்பதுபோல, ஏர்பேக் இணைப்புகளின் முனைகளுக்கும் தலைமுடியில் நூறில் ஒரு பங்கு தடிமனுக்குத் தங்கம் பூசுவார்கள். கறுக்கவே கறுக்காத உலோகம் என்பதுதான் காரணம். விபத்து நடக்கும் அந்த ஒரு நொடிக்காகப் பத்து வருஷம் சும்மா காத்திருக்கும் முனை அது. ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் நிற உறை போட்ட வயர்களில் கை வைக்காதீர்கள்.

மீட்டரும் மூட்டும்

ஓம் அளவை வைத்து எர்த் பார்ப்பது வீண். நாலைந்து இழை நன்றாக இருந்தாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும். கரண்ட் ஓடும்போது வோல்ட் பாருங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரி பாசிட்டிவ் கொம்புக்கும் பல்பு ஹோல்டரின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே அளங்கள்: அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வழியில் தேடுங்கள். எர்த் பக்கம் நெகட்டிவ் கொம்புக்கும் ஹோல்டரின் எர்த் முனைக்கும் இடையே 0.2-க்கு மேல் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் 0.3-க்குள் இருக்கவேண்டும்.

கெட்ட மூட்டு எவ்வளவு கெட்டது என்பதற்கு ஒரு கணக்கு. 25 சதுர மில்லி செம்பு கேபிள் ஒரு மீட்டருக்கு 0.7 மில்லி ஓம். இருநூறு ஆம்பியரில் 0.14 வோல்ட் போகும். அழுக்கேறிய ஒரு லக் 5 மில்லி ஓம் தடை தந்தால் ஒரு முழு வோல்ட் அங்கேயே நின்றுவிடும். ஒரு லக் ஏழு மீட்டர் கேபிளுக்குச் சமமாகிவிட்டது.

மூட்டுப் போடும் முறை இது. பாடியில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை வரும்வரை தேயுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு லக்கைக் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். சுத்தியால் தட்டி நசுக்கவேண்டாம், உள்ளே இடைவெளி நின்று அதில்தான் ஈரம் குடியேறும். லக்கின் கழுத்திலிருந்து மேலுறை மீது இரண்டு விரற்கடைக்குப் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுடுங்கள். ஓரத்தில் பசை பிதுங்கி வரவேண்டும். உலோகத்தோடு உலோகத்தை இறுக்கிய பிறகு, மேலே வாசலின் தடவுங்கள். இரண்டு வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது சித்திரை வரைக்கும்தான். வெயிலில் பசை இளகி டேப் அவிழ்ந்துவிடும்.

அந்த வேனுக்கு டின்டு காப்பரில் எர்த் கேபிள் மாற்றியபோது மீட்டர் 0.12 காட்டியது. சாவியைத் திருப்பியதும் ஒரே சுற்றில் எடுத்தது. ஓட்டுநர் புது பேட்டரியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ பழைய பேட்டரி, ண்ணே?"

"எங்க அது?"

"எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டாரு பாய்."